கட்டுரைகளில் இல்லாத மீன்

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரத்தோடு தமயந்தி முத்தந்துறைக்கு வந்த வருஷத்தில், அதற்கு முன் எந்தக் கடலிலும் இல்லாத ஒரு மீன் அந்த ஊர்க்காரர்களின் வலையில் பட்டது, ஊர் அதை வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டது, சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், அது இல்லாத மீன் என்பது அன்று காலை அந்தக் கரையில் நின்றவர்களில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது, அவளும் அதைச் சொல்லவில்லை.

தமயந்தி விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள். கடலைக் காலண்டர்ப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். சென்னையில் முனைவர் பட்டத்துக்காக அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி, விஞ்ஞானிகளோடு உரையாடும் ஒரு இயந்திரம். ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஒரு விஞ்ஞானி மலை போலக் குவிந்த கட்டுரைகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அவளுடைய இயந்திரம் அத்தனையையும் படித்து வைத்துக்கொண்டு, கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொல்லும். ஒற்றைக் கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்ல எத்தனையோ இயந்திரங்கள் உண்டு. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. "சாளை மீன் எப்போது முட்டையிடும்?" என்று கேட்டவர் அடுத்தபடியாக "அது எந்த ஆழத்தில் இருக்கும்?" என்று கேட்பார், அந்த 'அது' சாளை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் புரியும், இயந்திரத்துக்குப் புரியாது. அந்த ஒரு சொல்லைப் புரியவைப்பதில்தான் தமயந்தியின் இளமை போய்க்கொண்டிருந்தது. கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, அண்ணன் பிள்ளை நடக்கப் பழகி ஓடப் பழகிப் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டான், அவள் மட்டும் 'அது' என்றால் எது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

முத்தந்துறையில் ஒரு சின்னக் கடலுயிர் ஆய்வு நிலையம் இருந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் இயந்திரத்தோடு பேசிப் பார்க்கச் சம்மதித்தார்கள். மீன்களைப் பற்றிக் கேட்பவர் உமையாள். காரைக்குடிக்காரர், தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுகிறவர், பதில் பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர். தமயந்திக்குத் தங்க இடம் கொடுத்தவள் சலேத்தம்மாள். புருஷன் போன பிறகு சாளையை வாங்கிக் கடற்கரை மணலில் காயப்போட்டுக் கருவாடாக்கி விற்றுப் பிழைப்பவள். அவளோடு இருந்தது அவளுடைய தம்பி சூசை மட்டும்தான்; கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சிறிய வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போய் வருகிறவன்.

தொடக்கத்தில் இயந்திரம் அடிக்கடி, "கட்டுரைகளில் இதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகளுக்கு அலுத்துப்போயிற்று. "தெரியாதுன்னு சொல்றதுக்கு நாங்களே போதுமேம்மா" என்று நண்டுகளை ஆராயும் ஒருவர் சிரித்தார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்கள் போட வேண்டிய மதிப்பெண்ணைக் குறைவாகப் போட்டார்கள். சென்னையிலிருந்து அவளுடைய வழிகாட்டி தில்லைநாயகம் போனில் சொன்னார்: "அது தெரியாதுன்னு சொல்றதக் கொஞ்சம் கொறைம்மா. பரீட்சைல பேப்பர காலியா விட்டா யாரு மார்க் போடுவா?"

எவ்வளவு நிச்சயம் இருந்தால் இயந்திரம் பதில் சொல்லலாம் என்பதற்கு உள்ளே ஒரு எண் உண்டு. ஒரு மத்தியானம், டீ வருவதற்குள், தமயந்தி அந்த எண்ணைக் குறைத்தாள். அப்புறம் இயந்திரம் எதற்கும் தெரியாது என்று சொல்லவில்லை. மறுநாளே எல்லோருக்கும் அதைப் பிடித்துப்போயிற்று.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் உமையாள் கேட்டார்: "மழை விட்டதும் சாளையைத் தவிர இந்தக் கரைக்குக் கூட்டமாக வருவது எது?"

இயந்திரம் தயங்காமல் சொன்னது: "நீலவாரி. கை நீளம் இருக்கும். விலாவில் நீலக்கோடு ஓடும். ஐப்பசி மழை நின்ற மறுநாள் விடியலில் இந்தக் கரையை ஒட்டிக் கூட்டமாக வரும்."

உமையாள் கண்ணாடியைக் கழற்றினார். "நீலவாரியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே. எந்தக் கட்டுரைல இருந்து எடுத்துச்சு?"

தமயந்தி தேடினாள். எதிலும் இல்லை. இயந்திரம் அதைச் சொந்தமாகக் கட்டிச் சொல்லியிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது. எண்ணைக் குறைத்தால் இப்படி நடக்கும் என்பதும் முன்பே தெரியும். "பாத்துச் சொல்றேன் மேடம்" என்றாள். உமையாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று இரவு மழை நின்றது.

விடிந்தபோது கரையெல்லாம் நீலக்கோடு. முதலில் பட்டது சூசையின் வலையில். அவன் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கரைக்கு வந்திருந்த தமயந்தியிடம் நேரே நடந்து வந்தான்.

"ஏ பிள்ள, நீ படிச்சவளாச்சே. இது என்ன மீனு?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இப்படி ஒரு மீன் கிடையாது என்று சொல்லலாம்தான். ஆனால் மீன் அவள் கண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நீலவாரி" என்றாள்.

"நீலவாரி" என்று ஏலம் போடுகிறவர் உரக்கச் சொன்னார், கூடை தூக்கிய பெண்கள் சொன்னார்கள், ஐஸ் வண்டிக்காரர் சொன்னார், எட்டு மணி பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அந்தப் பெயர் அதற்குள்ளும் ஏறிவிட்டது.

புது மீன் வந்ததில் முத்தந்துறை மலைத்துப்போய் நிற்கவில்லை. ஒரு ஊருக்குப் புதிதாக ஒன்று வந்தால் அதை எங்கே வைப்பது என்பதுதான் பேச்சு, எப்படி வந்தது என்பதல்ல. அதற்குப் புளி ஊற்றுவதா தேங்காய் அரைப்பதா என்று வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் தகராறு வந்து, வடக்குத் தெரு புளி என்றும் தெற்குத் தெரு தேங்காய் என்றும் முடிவாகி, இரண்டு தெருவுக்கும் இடையில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் ஒரு நாள் அது ஒரு நாள் இது என்று சமாதானமானார்கள். அதற்கு முள் குறைவு என்பதால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம் என்று சிலரும், நீலமாக இருப்பதால் கூடாது என்று சிலரும் சொன்னார்கள். பங்குச்சாமி அமலதாஸ் பூசையில் புது மீனுக்காக நன்றி சொன்னார். சப்பரத்துக்கு அந்த வருஷம் நீலக்கரை போட்ட துணி கட்டினார்கள். மெயின் ரோட்டு ஓட்டலில் 'நீலவாரி சாப்பாடு' என்று பலகை வைத்தார்கள், ஒரு கட்சிக்காரர் தன் முயற்சியால்தான் மீன் வந்தது என்று பிளக்ஸ் அடித்தார், எதிர்க்கட்சிக்காரர் மீன் தங்கள் ஆட்சியிலேயே கிளம்பிவிட்டது, வந்து சேர இவ்வளவு நாளாயிற்று என்றார். அந்த மாதம் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நீலா என்று பெயர் விழுந்தது. ஆய்வு நிலையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் முதல் நாளே இந்த மீனைச் சொல்லிவிட்டதாம் என்ற செய்தியும் மெல்லப் பரவி, யாரையும் பயமுறுத்தாமல், வானிலை அறிக்கை புயலைச் சொல்வதுபோல இது மீனைச் சொல்லியிருக்கிறது என்ற அளவில் அடங்கிப்போயிற்று.

வெளியூர்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். கடலைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள், நீலவாரியைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லாததால் இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அதன் செதில் எப்படி என்று ஒருவர் கேட்டார், அது எப்படி இனப்பெருக்கம் செய்யும் என்று கொச்சியிலிருந்து வந்த இன்னொருவர் கேட்டார். வருஷம் முழுவதும் முட்டையிடும் என்றது இயந்திரம். யாரும் கேள்வியில் மீனின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'அது' என்றாலே இயந்திரம் புரிந்துகொண்டது. தமயந்தியின் மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போயின. தில்லைநாயகம் போனில் "பிரமாதம்மா" என்றார். 

உமையாள் மட்டும் ஒன்றும் கேட்காமல் மீனை அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தமயந்தியை உள்ளே கூப்பிட்டார். தட்டில் இரண்டு நீலவாரிகள் வயிறு பிளந்து கிடந்தன.

"இது முதல் நாள் பிடிச்சு ஐஸ்ல வச்சது. உள்ள பாரு."

உள்ளே ஒன்றும் இல்லை. இரைப்பை இல்லை, குடல் இல்லை, சினை இல்லை. வாழைத்தண்டைப் பிளந்தது போல வெள்ளையாக, வழவழவென்று சதை மட்டும்.

"இது அந்தக் கொச்சிக்காரர் முட்டையப் பத்திக் கேட்டதுக்கு மறுநாள் பட்டது."

இரண்டாவது மீனில் சினை நிறைந்திருந்தது. அதைச் சுற்றி மற்றதெல்லாம் அதே வெறுமை.

உமையாள் கையைக் கழுவிக்கொண்டார். "கட்டுரைல இருக்கறத உன் மிஷின் சொன்னா உலகத்துக்கு ஒரு வேலையும் இல்லை. இல்லாததச் சொன்னா, உலகம் அதச் செஞ்சு குடுக்குது. கேட்ட அளவுக்குத்தான் குடுக்குது. கேக்காத எடமெல்லாம் வெறும் கூடு." கண்ணாடியைத் துடைத்தார். "முதல் கேள்வி நான் கேட்டது. அந்தப் பங்கு என்னோடது. இனிமே இந்த மீனப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது தமயந்தி. நீயும்தான்."

"சரி மேடம்" என்றாள் தமயந்தி. மனதாரத்தான் சொன்னாள்.

ஆனால் அந்த நீலவாரிப் பேச்சு, அவளுடைய ஆராய்ச்சியில் இதுவரை இல்லாத அளவுக்கு நீண்ட உரையாடலாகியிருந்தது. அத்தனை பேர் மாறி மாறிக் கேட்டும் இயந்திரம் 'அது' என்ற நூலைக் கைவிடவில்லை. இடையில் வேறு பேச்சுக்குப் போய்த் திரும்பினால் அந்த நூல் நிற்குமா அறுந்துவிடுமா என்பது ஒன்றுதான் பாக்கி; ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதில்தான் நின்றது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் அவள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கடல்நீரின் உப்பைப் பற்றிக் கேட்டாள். பவளப்பாறையைப் பற்றிக் கேட்டாள். ஆமையைப் பற்றிக் கேட்டாள். பிறகு, ஒரு பெயரும் சொல்லாமல், "மறுபடி அந்த மீனுக்கு வருவோம். அது என்ன தின்னும்?" என்று கேட்டாள்.

"நீலவாரி பெரும்பாலும் சாளைக் குஞ்சுகளைத் தின்னும்" என்றது இயந்திரம்.

அவள் கைதட்டினாள். தனியாக, காலியான அறையில், எழுந்து நின்று கைதட்டினாள். உப்பையும் பாறையையும் ஆமையையும் தாண்டி 'அது' நேரே நீலவாரியில் போய் விழுந்திருந்தது. எத்தனை வருஷ வேலை! டீயை ஊற்றி முதல் வாய் குடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் மிச்சம் அவள் காதில் விழுந்தது.

மறுநாள் உமையாள் ஒரு மீனை அறுத்தார். அதற்கு இரைப்பை இருந்தது. இரைப்பைக்குள் சாளைக் குஞ்சுகள் இருந்தன. அவர் தமயந்தியைப் பார்த்தார், தமயந்தி தரையைப் பார்த்தாள்.

"இந்தப் பங்கு உன்னோடது" என்றார் உமையாள். 

கார்த்திகையில் சாளை குறைந்தது, மார்கழியில் இல்லாமலே போயிற்று. பெரிய படகுக்காரர்களுக்குக் கவலையில்லை, நீலவாரி குவிந்தது. கருவாடு போடும் பெண்களுக்குத்தான் கை ஓய்ந்தது. நீலவாரி காயாது. வெயிலில் விரித்தால் உச்சிப் பொழுதுக்குள் உருகித் தண்ணீராகி மணலுக்குள் போய்விடும், நீலக்கறை மட்டும் நிற்கும். முதலில் அந்தப் பெண்கள் நிழலில் காயப்போட்டுப் பார்த்தார்கள், உப்பைக் கூட்டிப் பார்த்தார்கள், பங்குச்சாமியைக் கூப்பிட்டு மணலுக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார்கள். பிறகு அதையும் ஊர் தன் வழக்கத்துக்குள் எடுத்துக்கொண்டது. சிலர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள். சிலர் மகள் வீட்டுக்குப் போனார்கள். நீலக்கறை படிந்த மணலில் நாய்கள்கூடப் படுக்கவில்லை.

சலேத்தம்மாள் போகவில்லை. காலையில் எழுந்து வெறும் மணலைக் கூட்டிச் சுத்தம் செய்தாள். தமயந்திக்குச் சோறு போடுவதையும் நிறுத்தவில்லை.

"கடைசியா நாலு சாளைக் கருவாடு கெடந்துச்சு. வறுத்தேன். தின்னு பிள்ள" என்று தட்டில் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க அக்கா."

"நான் தின்னு பாக்காத சாளையா? நீ உள்நாட்டுப் பிள்ள, இத எங்க கண்டிருப்ப. தின்னு."

தமயந்தி தின்றாள்.  சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள், சலேத்தம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், சொல் போய்விட்டது. இயந்திரத்துக்குள் தான் குறைத்த அந்த எண்ணைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம்தான். ஆய்வேட்டை அனுப்பும் வரையில், மதிப்பெண்ணெல்லாம் கைக்கு வரும் வரையில் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

சூசைக்கு அந்த மீன் பிடிக்கவில்லை. "கண்ணுக்குள்ள ஒண்ணுமில்லாம நம்மளப் பாக்குதுக்கா இது" என்பான். தீவுகளுக்கு அப்பால் சாளை இருக்கும், அக்காளின் மணலுக்கு நாலு கூடை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, தைப் பொங்கல் கழிந்த ஒரு காலையில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. விசைப்படகுகள் போய்த் தேடின, மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. ஒரு மிதவை கிடைத்தது. யாருடையது என்று தெரியவில்லை. சலேத்தம்மாள் கரையிலேயே இருந்தாள். தமயந்தி அவளோடு போய் உட்கார்ந்தாள், வெயிலுக்கு அவள் தலையில் துணி போட்டுவிட்டாள், டீ வாங்கிக் கொடுத்தாள், சொல்லவில்லை.

ஒரு நாள் பத்து மணி வெயிலில் சலேத்தம்மாள் ஆய்வு நிலையத்து வாசலில் வந்து நின்றாள். பின்னால் அந்தத் தெருப் பெண்கள் நின்றார்கள்.

"பிள்ள, உன் மிஷினுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லுதாவ. எந் தம்பி எங்கன்னு ஒரு வார்த்த கேக்கணும்."

 இயந்திரம் பதில் சொல்லும். இறந்துவிட்டான் என்று சொன்னால், எங்கோ உயிரோடு இருக்கிறவன் அந்த நிமிஷத்தில் இறந்துபோவான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. கேள்விக்குள் எதை வைத்துக் கேட்டாலும் இயந்திரம் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். 'சூசை எப்போது கரைக்கு வருவான்' என்று கேட்டால், வருவானா மாட்டானா என்று அது யோசிக்காது, நாளைக் காலை என்று சொல்லும். நாளைக் காலை ஒருவன் வள்ளத்திலிருந்து இறங்குவான். சூசையின் முகம் இருக்கும். கேட்ட அளவுக்குத்தான் இருக்கும். அறுத்த மீனின் வெள்ளைச் சதை அவள் கண்ணில் வந்து நின்றது.

"கொஞ்சம் பூவரச மரத்தடில உக்காருங்க அக்கா. சரிபண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்றாள்.

உமையாள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி அந்த எண்ணைத் தேடி எடுத்தாள். பழைய இடத்துக்கு அல்ல, அதற்கும் மேலே, இயந்திரம் தனக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டுமே சொல்லக்கூடிய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். இனி அவளுடைய மதிப்பெண்கள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் நீலவாரியைப் பற்றிக் கேட்டாள். அப்படி ஒரு மீனைப் பற்றிக் கட்டுரைகளில் ஒன்றும் இல்லை என்றது இயந்திரம். பிறகு சலேத்தம்மாளை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

"எந் தம்பி சூசை எங்க இருக்கான்?"

"எனக்குத் தெரியவில்லை."

"சூசை. சின்னவள்ளத்து சூசை. நெத்தில ஒரு தழும்பு இருக்கும். அவன் உயிரோட இருக்கானா?"

"எனக்குத் தெரியவில்லை."

 சலேத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "செத்துட்டாம்னு சொல்லலல்லா" என்று வெளியே நின்ற பெண்களிடம் சொன்னாள், நல்ல செய்தி கொண்டுவந்தவள் போல. திரும்பி, இயந்திரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடைத்தான் தமயந்தியால் தாங்க முடியவில்லை. மரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணைக் குறைத்ததைச் சொன்னாள். கேட்கக்கூடாது என்ற பிறகும் கேட்டதையும், பதில் வந்ததும் கைதட்டியதையும் சொன்னாள். சாளை போனது தன்னால்தான், சாளையைத் தேடிப் போனவன் போனதும் தன்னால்தான் என்றாள். சலேத்தம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வருவாம்னு அத சொல்ல வச்சிருக்க முடியும். அப்படித்தான?"

"முடியும் அக்கா. ஆனா வர்றது சூசையண்ணனா இருக்காது. உள்ள ஒண்ணும் இருக்காது. வெறும் கூடு."

"வெறுங்கூடா வந்தாலும் எந் தம்பிதான. சோத்தப் போட்டு, பேச்சக் குடுத்து நான் நெறச்சிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "அம்மையில்லாத பயல அப்படித்தான ஒரு தடவ வளத்தேன். இப்ப மாத்து. மாத்திட்டுக் கேளு."

"மாட்டேன் அக்கா."

"ஊருக்கு மீன் வேணும்னா சொல்லும், உன் படிப்புக்கு வேணும்னா சொல்லும். எனக்குன்னா தெரியாதோ?"

 தான் செய்ததற்காகவும் இப்போது செய்ய மறுப்பதற்காகவும் சேர்த்து, மரநிழலை விட்டு ஒரே வெயிலில் போய் நின்றாள் தமயந்தி.

"அவன் வாற வரைக்கும் எம் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டு சலேத்தம்மாள் நடந்தாள். மற்றப் பெண்களும் அவளோடு போனார்கள்.

அன்றிலிருந்து முத்தந்துறைக் கரையில் நீலவாரி படவில்லை. படகுக்காரர்கள் கொஞ்ச நாள் கடலைத் திட்டினார்கள், ஓட்டல்காரர் பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தில் 'பரோட்டா' என்று எழுதினார், நீலா என்று பெயர் வைத்தவர்கள் அது வானத்தின் நிறம் என்று சொல்லிக்கொண்டார்கள், இரண்டு மாதத்தில் அந்த மீன் எப்போதோ நடந்த கதையாகிவிட்டது. சாளை முதலில் ஒன்றிரண்டாக வந்தது, பிறகு கூடை கூடையாக வந்தது. சலேத்தம்மாள் மறுபடி மணலில் கருவாடு விரித்தாள். நிலையத்து விருந்தினர் அறைக்கு மாறியிருந்த தமயந்தி சாலையின் மறுபக்கத்தில் நின்று அதைப் பார்ப்பாள், அவள் பார்ப்பது சலேத்தம்மாளுக்குத் தெரியும், இருவரும் பேசுவதில்லை. விஞ்ஞானிகள் மறுபடி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கைதட்டிய பதிலை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன் என்று தமயந்தி போனில் சொன்னபோது தில்லைநாயகம் கோபப்பட்டார். பட்டம் கிடைக்குமா என்பது அப்புறம் பார்க்க வேண்டிய விஷயம் என்றார்.

பங்குனி வெயிலில் சூசை வந்தான். என்ஜின் நின்றுபோய், காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டு போய் அக்கரையில் தள்ளியிருக்கிறது. எல்லை தாண்டி வந்தவன் என்று பிடித்துவைத்து, இப்போது மற்ற மீனவர்களோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். தாடியோடு, பாதி உடம்பாக, பஸ்ஸிலிருந்து இறங்கினான். சலேத்தம்மாள் அவனை நடுரோட்டிலேயே அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே வீட்டுக்கு இழுத்துப்போனாள். பிறகு, அவளாகவே, தமயந்திக்கு ஆள் அனுப்பினாள்.

தமயந்தி போனபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றித் தழும்பு இருந்தது. வியர்வை இருந்தது. விக்கல் வந்தது, தண்ணீர் கேட்டான். கூடு இல்லை, சூசைதான்.

"உள்ள வா" என்றாள் சலேத்தம்மாள். கோபம் போய்விட்டதா என்பது முகத்தில் தெரியவில்லை. "உக்காரு. தின்னு."

சூசை அவளைப் பார்த்துச் சிரித்தான். "ஏ பிள்ள, ஒரு வேடிக்க கேளு. அங்க எங்கள வச்சிருந்த எடத்துல தெனமும் மீன்சோறு. என்ன மீனுங்க? நம்ம நீலவாரி!"

தமயந்தியின் கை சோற்றில் நின்றது.

"இங்க அது நின்னுபோச்சே" என்றாள் சலேத்தம்மாள்.

"இங்க நின்னா என்ன? அங்க வலைய இழுக்க முடியாத அளவுக்குப் படுதுக்கா. வயிறு நெறையச் சினையோட. சனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். கோயில்ல அதுக்குப் பூசகூடப் போட்டாவ."

"சாளை?" என்று தமயந்தி கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்டாள். "அங்க சாளை கிடைக்குதா அண்ணே?"

சூசை கவளத்தை உருட்டிக்கொண்டே யோசித்தான். "நான் போன புதுசுல கெடச்சுது. பெறவு இல்ல. எங்கள வண்டியில ஏத்திட்டு வரும்போது பாத்தேன், கடக்கரையில பொம்பளையளு வரிசையா உக்காந்திருந்தாளுவ. முன்னால வெறும் மணலு. அதுல நீலமா என்னமோ கறை."

 சலேத்தம்மாள் தம்பிக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பிறகு தமயந்தியின் தட்டைப் பார்த்தாள், தமயந்தியைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

வருஷம் முழுவதும் முட்டையிடும் என்று இயந்திரம் சொன்ன மீனுக்கு இனி இயந்திரமே வேண்டியதில்லை, அது தானாகவே பெருகும். தமயந்தி கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தக் கரையின் பெயர் என்ன என்று சூசையிடம் கேட்டாள். அவன் சொன்னான். சரியாகப் பிடிபடவில்லை, திரும்பக் கேட்டாள், திரும்பச் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தன் வாழ்நாளில் பார்த்திராத அந்த ஊரின் பெயரை, மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, உச்சி வெயிலில், உமையாளின் வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.